எலும்புக் கடத்தலா, எலும்பு நகர்த்தலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எலும்பில் விழுந்த இடைவெளியை, அதே எலும்பின் துண்டை மெல்ல நகர்த்தி நிரப்பும் 'போன் டிரான்ஸ்போர்ட்' (bone transport) சிகிச்சைக்கு 'எலும்புக் கடத்தல்' என்று முந்தைய மடலில் ஒரு பரிந்துரை வந்திருந்தது. வெப்பக் கடத்தல் இருக்கும்போது இதில் என்ன தவறு என்று கேட்கலாம். சரிதான். ஆனால் காலைக் காப்பாற்ற வந்த நோயாளியிடம் "உங்களுக்கு எலும்புக் கடத்தல் செய்யப்போகிறோம்" என்றால் அவர் காவல் நிலையத்தைத்தான் நினைப்பார்.

உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். விபத்திலோ சீழ் பிடித்தோ கெட்டுப்போன கணுக்கால் பக்கத்து எலும்பை வெட்டி எடுத்தபின் 6 செ.மீ. இடைவெளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சுற்றி வளையச் சட்டம் பூட்டி, முழங்காலுக்குக் கீழே நல்ல எலும்பை, அதன் மேலுறை கெடாமல், குறுக்கே பிளக்கிறார்கள். ஒரு வாரம் போல விட்டுவிட்டு, திருகை நாளுக்கு நான்கு முறை, முறைக்கு கால் மில்லிமீட்டர் திருப்பினால், நடுத்துண்டு நாளுக்கு 1 மி.மீ. கீழே இறங்கும். அது விட்டுச்சென்ற இடத்தில் புது எலும்பு ஊறும். இரண்டு மாதத்தில் துண்டு மறுமுனையைத் தொடும். ஆனால் புது எலும்பு இறுக இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை வளையம் கழலாது. 1950களில் சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் என்ற எலும்பு மருத்துவர் உருவாக்கிய சட்டத்திலிருந்து வளர்ந்த முறை இது.

எலும்பு எங்கிருந்தும் கொண்டுவரப்படவில்லை, அதே காலுக்குள் நகர்கிறது. ஆகவே 'எலும்பு நகர்த்தல்' என் தேர்வு. 'பெயர்ச்சி' வேண்டாம், மூட்டு விலகியதாக எடுத்துக்கொள்வார்கள். 'மாற்று' என்றாலோ வேறிடத்து எலும்பை எடுத்து ஒட்டு வைப்பதோடு குழம்பும்.

அப்புறம், பிளவை மெல்ல அகலப்படுத்தி எலும்பு வளர்க்கும் அடிப்படை உத்திக்கு (distraction osteogenesis) 'இழுவை எலும்பாக்கம்' என்றார் இன்னொருவர். எடை தொங்கவிட்டுக் காலை இழுத்து வைப்பதற்கு 'இழுவை' ஏற்கெனவே போய்விட்டது. 'விலக்கல் எலும்பாக்கம்' கேட்கக் கொஞ்சம் முரடு, ஆனால் குழப்பாது.

எலும்பு இடைவெளியை நிரப்ப இன்னொரு வழி மஸ்கெலே முறை. அதில், இடைவெளிக்குள் வைத்த எலும்புச் சிமென்ட் கட்டியைச் சுற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் சவ்வு வளர்கிறது. பிறகு கட்டியை எடுத்துவிட்டு அந்த உறைக்குள் எலும்புத் துகளை நிரப்புகிறார்கள். இதற்கு 'சவ்வுப்பை முறை' போதும்.

எனக்குச் சிக்கலாக இருப்பது, எலும்பு நகர்த்தலில் நகர்ந்த துண்டு மறுமுனையோடு முட்டும் இடம். அதை 'டாக்கிங்' (docking) என்கிறார்கள். 'சேர்முனை' என்று எழுதிப் பார்த்தேன். பல நேரம் அது தானாகச் சேராமல் அங்கேயும் ஒட்டெலும்பு வைக்க வேண்டியிருப்பதால் மனம் ஒப்பவில்லை. 'முட்டுமுனை' எப்படி?