யூஆர்எல் ஒட்டி மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

நூல்கண்டு:
திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் இருந்தபோது நடந்தது. பார்ட்டி பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவர்களுடைய பாக்கி மட்டும் வரவேண்டும். நான் யூஆர்எல்லில், அதாவது இணைய முகவரியில், ‘?பார்ட்டி=’ என்று எழுதி, பெயரை அதன் வாலில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் அண்ணன் போன் செய்தார். “ஏனுங்க தம்பி, வேலன் அண்ட் சன்ஸ் பாக்கியக் கேட்டா, வேலன்னு ஆரம்பிக்கிற அத்தன பேர் பாக்கியும் வந்து நிக்குதுங்க?” என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக வந்தது. ஏன் வராது? என்னிடம் இருந்த பார்ட்டிகள் எல்லாம் ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’. சர்வருக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் லாகைத் திறந்தால் ‘?பார்ட்டி=வேலன்%20&%20சன்ஸ்’ என்று கிடக்கிறது. ஸ்பேஸை பிரவுசரே %20 ஆக்கியிருக்கிறது, &-ஐத் தொடவில்லை. & என்றால் சர்வருக்கு ‘இந்த பாராமீட்டர் (பெயர்-மதிப்பு ஜோடி) முடிந்தது, அடுத்தது வருகிறது’ என்று அர்த்தம். ஆக பார்ட்டிக்குக் கிடைத்தது வெறும் ‘வேலன்’. ‘சன்ஸ்’ என்று மதிப்பே இல்லாத இன்னொரு பாராமீட்டர் அநாதையாக நின்றது.

அடுத்து செய்தது இன்னும் அசட்டுத்தனம். குறிகளை இப்படி % வடிவத்துக்கு மாற்றுவதுதான் என்கோட். அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் என்கோட்யூஆர்ஐ இருக்கிறதே என்று முழு யூஆர்எல்லையும் அதற்குள் போட்டேன். லாகில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதற்கு எப்படித் தெரியும், இந்த & கடைக்காரருடையதா, நான் பிரிப்பதற்குப் போட்டதா என்று? ஒட்டுவதற்கு முன்னால் பெயரை மட்டும் என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்டில் போட்ட பிறகுதான் அது %26 ஆனது. இப்போது அந்த வேலையும் இல்லை, பாராமீட்டர்களைத் தானே என்கோட் செய்து கோத்துத் தரும் யூஆர்எல்சர்ச்பாரம்ஸ் கையில் கொடுத்துவிடுகிறேன். கோடில் பிளஸ் போட்டுத் துண்டு துண்டாக ஒட்டிய யூஆர்எல் ரிவ்யூவுக்கு வந்தால் மேற்கொண்டு படிப்பதே இல்லை.

நீங்கள் எங்கே மாட்டினீர்கள்?

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு +. மொபைல் நம்பரை +91 என்று தொடங்கி அப்படியே குவெரியில், அதாவது யூஆர்எல்லில் ?-க்குப் பின்னால், அனுப்பினோம். ஃபார்ம் அனுப்பும் பழைய வழக்கப்படி குவெரியில் + வந்தால் அது ஸ்பேஸ். சர்வர் அப்படியே படித்தது, டேட்டாபேஸ் ‘நம்பர் இல்லை’ என்றது. எங்கள் டீமில் ஒருவர் அனுப்பும் பக்கத்தைத் தொடாமல், சர்வரில் ‘ஸ்பேஸ் வந்தால் + ஆக்கு’ என்று ஒரே வரி போட்டு மூடினார். நம்பர் சரியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து அதே ஃபங்ஷனைப் பெயர்த் தேடலுக்கும் எடுத்துப் போட்டார்கள். ‘முத்து குமார்’ என்று தேடினால் சர்வர் ‘முத்து+குமார்’ என்ற ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஒருவர் நான்தான், சரி.

கோடு கிறுக்கன்:
நான் ஜாக்கிரதையான ஆள், அதனாலேயே மாட்டினேன். பைத்தானில் மதிப்பை ஒழுங்காக என்கோட் செய்து, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு பாரம்ஸாக (பாராமீட்டர்களாக) கொடுத்தேன். அது தன் பங்குக்கு இன்னொரு முறை செய்தது. % என்ற குறியே %25 ஆகிவிடும் இல்லையா, என் %20 எல்லாம் %2520 ஆகிப் போயின. லாகில் %25 கண்ணில் பட்டால் இப்போதெல்லாம் முதல் சந்தேகம் என் மேல்தான்.

தட்டச்சு:
பஸ் நேரம் தேடும் ஒரு சின்ன தளம் செய்தேன், ஊர்ப்பெயர் தமிழிலேயே குவெரியில் போகும். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்ந்து 3 எழுத்தாக விரியும், ஆக ஒரு குறிக்கு 9. ‘கோயம்புத்தூர்’ என்பதில், புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணினால், யூனிகோட் குறிகள் 13, யூஆர்எல்லில் அது 117 எழுத்து. காப்பி செய்து யாருக்காவது அனுப்பினால் ரயில் பெட்டி மாதிரி போகும். அது பரவாயில்லை.

தலைவலி கேஷில், அதாவது தேடிய விடைகளை யூஆர்எல் வாரியாகச் சேமித்துவைக்கும் இடத்தில், வந்தது. ஒரே கோயம்புத்தூர் இரண்டு முறை இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நீளத்தை எண்ணினால் ஒன்று 117, இன்னொன்று 126. எங்கேயோ ஒரு குறி கூடுதல்! பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஊர்ப் பட்டியல் ஒன்றையும் சேர்த்திருந்தேன். அதில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒன்றாக இல்லை, முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தன. என்கோட் செய்வதற்கு முன்னால், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன், இரண்டும் ஒன்றாகிவிட்டன. பொள்ளாச்சிக்கும் கோவில்பட்டிக்கும் இதே கூத்து. சேலம் தப்பித்தது, அதற்குக் கொம்பு மட்டும்தான், கால் இல்லை.

நூல்கண்டு:
தட்டச்சு, இதைப் படித்துவிட்டு எங்கள் பார்ட்டி பட்டியலைத் தேடினேன். கோபால் இரண்டு விதமாக இருக்கிறார். நாளைக்கு அதுதான் வேலை.

அப்புறம், ‘டெஸ்ட் 1’-ஐத் தூக்கிவிட்டோம். இப்போது எங்கள் டெஸ்ட் பார்ட்டியின் பெயர் ‘அ & கோ + 100% #1’. # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே போகாது என்பது அந்தப் பெயரால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. போன மாதம் டெமோ பார்க்க வந்த ஒரு முதலாளி திரையில் அதைப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊருக் கடைங்க?” என்று கேட்டார்.