வீடியோ கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் புது வெர்ஷனுக்கு காசு கட்டலாமா, பழசுலயே ஓட்டலாமா?

சத்துவாச்சாரி ஸ்டூடியோ:
சின்ன ஸ்டூடியோங்க, கல்யாணம் காதுகுத்துதான் பொழப்பு. 2018ல ஒரு கன்வெர்ட்டர் காசு குடுத்து வாங்கினேன், லைஃப்டைம்னு சொல்லிதான் வித்தான், இப்ப கேட்டா அந்த வெர்ஷனுக்கு மட்டும் லைஃப்டைமாம். போன வாரம் புது கேமரால ஒரு முகூர்த்தம் எடுத்தேன், எச்.265ன்னு புதுசா சுருக்கற முறை, 4:2:2 10 பிட்டு, அதாவது கலர் விவரம் ஜாஸ்தி. உள்ள போட்டா நாதஸ்வரம் கேக்குது, படம் இல்ல, தாலி கட்ற இடத்துல ஸ்கிரீன் பச்சையா நிக்குது. புது வெர்ஷன்ல சரியாயிடும், ஸ்பீடும் அஞ்சு மடங்குன்னு தினம் பாப்அப் வருது. 3,000 ரூபா கிட்ட கேக்கறான். கட்டலாமா?

குடியாத்தம்காரன்:
இன்னாத்துக்குண்ணா கட்டணும்? ஹேண்ட்பிரேக்னு ஒரு கன்வெர்ட்டர் இருக்கு, ஃப்ரீ, 2003லேந்து ஓடிகினு இருக்கு. எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா, வைகாசி 1, பழைய ஹேண்டிகேம்ல எடுத்த எம்டிஎஸ் ஃபைலு, 1080ஐ, அதாவது ஒவ்வொரு படத்தையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கோடா ரெண்டா பிரிச்சு வச்சது. காசு குடுத்து வாங்கின கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தா சிரசு ஆடி ஆடி வரும்போது அம்மன் முகமே சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியுது. ஹேண்ட்பிரேக்ல அந்தக் கோட்ட சரி பண்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் போட்டு, ஆர்எஃப்னு குவாலிட்டி நம்பர 20 வச்சேன், சுத்தமா வந்துச்சு. ஒத்த பைசா செலவில்ல.

ஆரணி மிக்ஸிங்:
தம்பி, நீ வருசத்துக்கு ஒரு திருவிழா பண்றவன், பேசலாம். எனக்கு வைகாசில ஒரே நாள்ல நாலு முகூர்த்தம். ஹேண்ட்பிரேக்ல எம்பி4, எம்கேவி, வெப்எம் மூணும்தான் வெளிய வரும், டிவிடி போட முடியாது. இங்க இன்னும் பட்டுத்தறி வச்சிருக்கற வீட்டுங்கள்ல ரெண்டு டிவிடி குடுன்னுதான் கேக்கறாங்க. கடைல இருக்கற பொண்ணுக்கு ஆர்எஃப்னா என்னன்னு நான் பாடம் எடுத்துட்டு இருக்கவா? ஒரு கல்யாண ஆர்டர்ல 3,000 வந்துடும், கட்டிட்டு வேலைய பாருங்க.

குடியாத்தம்காரன்:
டிவிடியாக்கா? 720க்கு 576 பிக்சல்தான், அத 43 இன்ச் டிவில பாத்தா மாப்ள யாரு மாமனார் யாருன்னே தெரியாது. எச்.265க்கு முந்தின எச்.264ல பண்ணி பென்டிரைவ்ல குடுங்க, பழைய டிவில கூட ஓடும். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா ஒரு ஃபைலு 4 ஜிபிக்கு மேல ஏறாது, அத மட்டும் பாத்துக்கோங்க.

ஆரணி மிக்ஸிங்:
பாட்டிங்க பென்டிரைவ் சொருகமாட்டாங்க தம்பி.

காட்பாடி ஜங்ஷன்:
ரெண்டு பேரும் ஊரச் சுத்தறீங்க. பச்சை ஸ்கிரீன் வேற, ஸ்பீடு வேற. பச்சை வர்றது 2018 சாஃப்ட்வேருக்கு அந்த ஃபைல பிரிச்சு படமாக்கத் தெரியாததால, புது வெர்ஷன் போட்டாலும் போவும், ஹேண்ட்பிரேக்லயும் போவும். அஞ்சு மடங்கு ஸ்பீடுங்கறானே அதான் வேலை. அது கிராபிக்ஸ் சிப்பு ஃபைல பிரிச்சு குடுத்தாதான். 4:2:2 10 பிட் எச்.265 என்விடியா கார்டுல 50 சீரிஸ்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் 4:2:0, 4:4:4ஓட சரி. இன்டெல்ல 11வது ஜெனரேஷன்லேந்து ப்ராசசருக்குள்ள இருக்கற கிராபிக்ஸே பிரிச்சுடும், ஆனா நம்பருக்குப் பின்னாடி எஃப்னு இருந்தா அந்த கிராபிக்ஸே கிடையாது. சார் உங்க ப்ராசசர் என்ன?

சத்துவாச்சாரி ஸ்டூடியோ:
ஐ5 10400எஃப். எஃப் எடுத்தா காசு கம்மின்னு அசெம்பிள் பண்ணவர் சொன்னாரு, நானும் சரின்னுட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:
முடிஞ்சுது. 50 சீரிஸ் மாதிரி கார்டும் இல்லன்னா எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பிரிக்கற வேலை பூரா ப்ராசசர் தலைலதான். ட்ரயல் வெர்ஷன் குடுப்பான், வாட்டர்மார்க்கோட வந்தா வரட்டும், அதே முகூர்த்தத்துல 5 நிமிசத்த வெட்டி ரெண்டுலயும் போட்டு டைம் பாருங்க. பாப்அப்ப நம்பாதீங்க.

சத்துவாச்சாரி ஸ்டூடியோ:
பாத்துட்டேன். ரெண்டுலயும் பச்சை போச்சு, தாலி கட்றது பளிச்சுனு தெரியுது. 5 நிமிச க்ளிப்புக்கு ட்ரயல் 11 நிமிசம், ஹேண்ட்பிரேக் 12. ஃபேன் சத்தம் மட்டும் கிரைண்டர் மாதிரி, வேலூர் வெயிலுக்கு ரூம்ல உக்கார முடியல. 3,000 கட்றதா இல்ல, டிவிடி கேட்டா ஹேண்ட்பிரேக்ல மாத்தினத பழைய வெர்ஷன்ல போட்டுக்கறேன், அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேத்து 11வது ஜெனரேஷன் ப்ராசசர் மாத்திடலாம்னு பாக்கறேன்.

ஆரணி மிக்ஸிங்:
மாத்தறதுக்கு முன்னாடி மதர்போர்டு என்னன்னு பாத்தீங்களா? சாக்கெட் ஒண்ணுதானேன்னு நான் வாங்கி ஏமாந்திருக்கேன். எச்410, பி460 போர்டு நிறையல 11வது ஏறாது.

சத்துவாச்சாரி ஸ்டூடியோ:
எச்410தான்க்கா.