ஜவுளிக்கடைச் சுவரில் புரொஜெக்‌ஷன் மேப்பிங்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆடித் தள்ளுபடிக்காக எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றின் முகப்பில், புரொஜெக்டர் வைத்து சுவரின் வடிவத்துக்குப் பொருந்தும்படி அனிமேஷன் ஓட்டும் வேலை வந்திருக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பட்டுப்புடவை சரிந்து இறங்கி, வாசலருகே முந்தானை விரிய வேண்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் முடிந்துவிட்டது. சிட்னி ஓபரா ஹவுஸின் கூரையில் ஆண்டுதோறும் விவிட் ஒளி விழாவுக்குப் படம் ஓட்டுவதைப் பார்த்து வந்த ஆசைதான். அங்கே கூரை வெளிர் நிறம். எனக்கு வாய்த்ததோ மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர், நடுவில் தண்ணீர்க் குழாய் வேறு!

நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். புடவையின் நீலம் பாசிப் பச்சையாகத் தெரிந்தது. குழாய் வரும் இடத்தில் ஜரிகை உடைந்து ஒரு விரல் தள்ளி நின்றது.

படம் 20 அடி அகலம் வேண்டும். என் புரொஜெக்டரின் வெளிச்சம் 3,500 லூமென், த்ரோ ரேஷியோ (சுவரிலிருந்து தூரம் ÷ படத்தின் அகலம்) 1.5. அப்படியானால் 30 அடி தள்ளி வைக்க வேண்டும். தெருவோ 24 அடிதான். கிட்டத்திலிருந்தே பெரிய படம் தரும் ஷார்ட் த்ரோ புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பதா, இல்லை இரண்டு புரொஜெக்டர் வைத்து, இரண்டு படங்களும் சேரும் ஓரங்களை இணைப்பு தெரியாமல் கலப்பதா (பிளெண்ட்)? பக்கத்தில் தெருவிளக்கும் இருக்கிறது, எத்தனை லூமென் போதும்?

அப்புறம், மஞ்சள் சுவருக்கு நிறத்தை மேப்பிங் மென்பொருளான மேட்மேப்பரிலேயே சரிசெய்யலாமா? வெள்ளையடிக்கச் சொன்னால் முதலாளி முறைக்கிறார்.