சோதனை மின்னஞ்சலில் லிங்கை அழுத்தியோர் எண்ணிக்கை பிழையாக வருகிறது, உதவுங்கள்

வணக்கம். இலங்கையின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்ட அலுவலகக் கிளார்க்மாருக்கு மோசடி மின்னஞ்சல்களை இனங்காணப் பயிற்சி கொடுக்கிறோம். பெரிய ஆபத்து, உரக் கம்பனியின் பெயரில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வருவதுதான். போனில் அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரியும். பெயரைத் தட்டினால்தான் முகவரி வரும். அதிலும் ஆங்கில r, n எழுத்துகள் ஒட்டி நின்று m போலக் காட்டும். அதனால் பழைய கோப்பிலுள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது என்பதே முதல் பாடம். மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு எடுத்தால் திருடனே பதில் சொல்வான்.

இப்போதைய சிக்கல்: பயிற்சிக்காகப் போலி மோசடி மின்னஞ்சல் அனுப்பும் கோபிஷ் (Gophish) மென்பொருள் மூலம் அனுப்பும் சோதனை மின்னஞ்சலின் லிங்கை, மின்னஞ்சல்களைச் சோதிக்கும் பாதுகாப்பு வடிகட்டியே முதலில் திறந்துவிடுகிறது; ஊழியர் அழுத்தியதாகப் பதிவாகிறது. மின்னஞ்சல் வந்த சில விநாடிகளுக்குள் விழும் பதிவுகளைக் கழித்தும் போதவில்லை. லிங்கைத் திறந்த கணினியின் ஐபி (இணைய) முகவரியை வைத்து வடிகட்டியையும் ஊழியரையும் பிரிக்கிறீர்களா, வேறு வழி உண்டா? தமிழில் மாதிரி மின்னஞ்சல்கள் இருந்தாலும் தந்துதவுங்கள்.