மறு: 'லாகின் ஆகியிருக்கிறாரா' என்பதற்குச் சொல்

ஐயா, வணக்கம்.

செயலியில் ஒருவர் லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்க்கும் வேலைக்கு நீங்கள் சொன்ன 'புகுபதிகைச் சோதனை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா புண்ணியத்தில் புகுபதிகை (லாகின்), விடுபதிகை (லாக்அவுட்) இரண்டும் பழகியும் விட்டன. ஆனால் கேட்பவருக்குக் கடவுச்சொல் சரியா என்று பார்ப்பதாகவே தோன்றும். நாம் பெயர் தேடுவது அதற்கு அடுத்த வேலைக்கு: நுழைந்தவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா?

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். வேலூருக்கு நோயாளியோடு வந்தவர், டீ குடித்துத் திரும்பும்போதெல்லாம் வார்டு வாசலில் பாஸைக் காட்டுகிற மாதிரி, உலாவியும் ஒவ்வொரு தடவையும் குக்கீயை, அதாவது சர்வர் கொடுத்து வைத்த அடையாளச் சீட்டை, நீட்டுகிறது. வாட்ச்மேன் பார்ப்பது முகத்தை அல்ல, தேதியை. குக்கீ கையில் இருந்தும் சர்வரில் அமர்வு (செஷன்) காலாவதி ஆகியிருந்தால் செல்லாது.

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடைக்கு பில்லிங் செயலி செய்து கொடுத்தோம். திரையின் மூலையில் கணக்குப்பிள்ளையின் பெயர் அப்படியே தெரிகிறது. நீளமான பில்லை அடித்து முடித்து 'சேமி'யை அழுத்தினார், அதற்குள் அமர்வு முடிந்திருந்ததால் கடவுச்சொல் கேட்டது, பில் போச்சு. "நான் உள்ளேதானே தம்பி இருந்தேன்?" என்றார். எனக்கு 'உள்ளிருப்பு' கிடைத்தது அங்கேதான். உள்ளிருப்புச் சோதனை.

இன்னொரு நண்பர் சொன்ன 'புகுநிலை' அழகான வினைத்தொகை. சிக்கலே அதுதான்: புகுந்தவரா, புகப்போகிறவரா என்று காலம் காட்டாது. போதாததற்குப் புகுமுக வகுப்பு வாசனை வேறு.

உள்ளிருப்பு என்றதும் போராட்டம் ஞாபகம் வருகிறது என்பீர்கள். வரட்டுமே, வெளியே போகாமல் உட்கார்ந்திருப்பதைத்தானே இரண்டும் சொல்கின்றன?

அனுமதியை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். சர்வர் திருப்பி அனுப்பும் பிழை எண்களில், ஆங்கிலத்தில் 401க்கு 'அனுமதியற்றவர்' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டு, 'யாரென்று தெரியவில்லை' என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்த ஆளே ஆனாலும் விட மாட்டேன் என்பதற்கு 403. நமக்கு உள்ளிருப்பு வேறு, அனுமதி வேறு என்று இப்போதே பிரித்து வைத்தால் அந்தக் குழப்பம் வராது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போதைக்கு 'உள்ளிருப்புச் சோதனை' என்றே போட்டிருக்கிறேன். பயனருக்குக் காட்டும் வரி, 'நீங்கள் இப்போது உள்ளே இல்லை, மறுபடி நுழையுங்கள்'. இதில் 'மறுபடி' இருக்கட்டுமா, 'மீண்டும்' ஆக்கிவிடலாமா?

காட்பாடியிலிருந்து,
அன்புடன்