மேவெதரின் 50-0 பெரிதா, ராபின்சனின் 174-19-6 பெரிதா?

சவுத்பா சேகர்:
நேற்று ஜிம்மில் ஒரு வாக்குவாதம், அதை இங்கேயும் கேட்டுவிடுகிறேன். எல்லாக் காலத்துக்கும் சேர்த்து சிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்றால் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுகர் ரே ராபின்சன் என்கிறார்கள். 174 வெற்றி, 19 தோல்வி, 6 டிரா. பத்தொன்பது முறை தோற்ற ஒருவர் எப்படி முதல் இடத்தில் இருக்க முடியும்? ஃப்ளாய்ட் மேவெதர் 1996இல் தொழில்முறைக்கு வந்து 2017 வரை 50 சண்டை, 50 வெற்றி, 27 நாக் அவுட். 130 பவுண்டில் ஆரம்பித்து 154 வரை ஐந்து எடைப்பிரிவில் உலகப் பட்டம். ஹாட்டன் 43-0 (43 வெற்றி, தோல்வியே இல்லை) என்று வந்தார், தோற்றார். கொராலஸ் 33-0 என்று வந்தார், ஐந்து முறை தரையில் விழுந்தார். கனெலோ அதுவரை ஒருமுறைகூடத் தோற்காதவர், அவருக்கும் அதே கதி. அப்புறம் டி லா ஹோயா, மோஸ்லி, கோட்டோ, பாக்கியாவ். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய ரீல்:
தம்பி, அந்த 19ஐப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். ராபின்சன் பிறந்தது 1921 மே. 19 தோல்விகளில் 10 தோல்வி அவருக்கு 40 வயது முடிந்த பிறகு வந்தவை. அதிலும் ஐந்து, அவர் ஓய்வு பெற்ற 1965இல் மட்டும். மீதி ஒன்பதில் முதலாவது 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட், ஜேக் லமோட்டா. அதுவரை 40 சண்டை, 40 வெற்றி. லமோட்டா அவரைவிடப் பதினைந்து பவுண்டுக்கு மேல் எடை கூடியவர். இன்றைக்கு அப்படி ஒரு சண்டைக்கு எந்த ஆணையமாவது அனுமதி கொடுக்குமா? அதே மாதம் 26ஆம் தேதி அதே ஊரில் அதே லமோட்டாவோடு மீண்டும் மோதி ராபின்சன் வென்றார். நடுவில் 19ஆம் தேதி இன்னொரு சண்டை வேறு. ஒரே மாதத்தில் மூன்று! லமோட்டாவோடு மொத்தம் ஆறு முறை மோதி ஐந்தில் வென்றார்.

அடுத்த தோல்வி எப்போது தெரியுமா? 1951 ஜூலை, லண்டனில் ரேண்டி டர்ப்பினிடம். எட்டு வருடம் கழித்து. இடையில் மட்டும் 90க்கு மேல் சண்டைகள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதாவது மேவெதரின் முழு வாழ்க்கையைவிடப் பெரிய ஒரு தோல்வியற்ற ஓட்டம் ராபின்சன் வாழ்க்கைக்கு நடுவில் ஒரு துண்டாகக் கிடக்கிறது. டர்ப்பினிடம் இழந்த பட்டத்தை 64 நாளில் திரும்பப் பிடித்தார்.

சவுத்பா சேகர்:
அண்ணா, வயதான பிறகு தோற்றார் என்பது காரணம்தான், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதே என்று எப்படிச் சொல்வது? எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் திறமைதான். மேவெதருக்கு அது தெரிந்திருந்தது. இன்னொன்று, அந்த 90 சண்டைகளில் எதிரே நின்றவர்கள் எல்லோரும் யார்? பாதிப் பேரின் பெயர் இன்று யாருக்காவது தெரியுமா? மாதம் இரண்டு சண்டை போட வேண்டும் என்றால் எல்லோரும் லமோட்டாவாக இருக்க முடியாதே. ராபின்சன் வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் உச்சத்தில் இருந்த காலத்தின் படச்சுருள் மிகக் குறைவு. நாம் பார்க்காததை எழுத்தில் படித்து நம்புகிறோம். மேவெதரின் முக்கியமான சண்டைகள் ஒவ்வொன்றும் முழுதாகக் கிடைக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தோளை முன்னால் உருட்டி அடியைச் சறுக்கவிட்டு அதே அசைவில் வலது கையைக் கொடுக்கிறாரே, அதைப் பார்த்த பிறகும் எப்படி மனம் வருகிறது?

கார்னர் ஸ்டூல்:
இருவருக்கும் நடுவே ஒரு கேள்வி. தோல்வியே இல்லை என்பதுதான் அளவுகோல் என்றால் தாய்லாந்தின் வான்ஹெங் மேனாயோதினை என்ன செய்வது? மிகக் குறைந்த எடைப்பிரிவில் உலகச் சாம்பியன், 54-0 வரை போனார். எண்ணிக்கையில் மேவெதரைத் தாண்டிவிட்டார். 2020 நவம்பரில்தான் முதல் தோல்வி. அதற்கு ஒரு நாள் முன்பு வரை மேவெதரைவிட வான்ஹெங் சிறந்தவர் என்று இங்கே ஒருவராவது சொல்லியிருப்பாரா? சொல்ல மாட்டோம், ஏனென்றால் எதிராளிகள் யார் என்று பார்ப்போம். அப்படியானால் பூஜ்யம் நமக்கே அளவுகோல் இல்லை.

ஹூலியோ சீசர் சாவேஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 87-0 என்று 1993 செப்டம்பரில் சான் அன்டோனியோவில் பெர்னெல் விட்டேக்கரோடு இறங்கினார். டிரா என்று அறிவித்தார்கள். அந்தச் சண்டையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர் வென்றார் என்றே இன்றும் சொல்கிறார்கள். தோல்வி என்று பதிவாகவில்லை, அவ்வளவுதான். நான்கே மாதத்தில் பிராங்கி ராண்டல் வந்து முதல் தோல்வியைக் கொடுத்துவிட்டார்.

ரிங்சைடு ரகு:
மேவெதரின் ஐம்பதாவது சண்டையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. கானர் மெக்ரெகர்! கலப்புச் சண்டையில் (எம்எம்ஏ) பெரிய ஆள்தான், ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அன்றுதான் முதல் நாள். 49-0 என்ற பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் எண்ணைத் தாண்டியது ஒரு புதுமுகத்தின் மேல். மார்சியானோவின் 49ஆவது யார்? ஆர்ச்சி மூர், அப்போது லைட் ஹெவிவெயிட் சாம்பியன். இரண்டாவது ரவுண்டில் மார்சியானோவைக் கீழே தள்ளினார், மார்சியானோ எழுந்து ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். இரண்டும் பதிவேட்டில் ஒரே ஒரு வெற்றிதான், சம மதிப்பு. எனக்கு இதில் கோபமே வருகிறது.

சவுத்பா சேகர்:
மெக்ரெகரை எடுத்துவிடுங்கள், நான் அதற்காக நிற்கவில்லை. 49-0 என்றே வைத்துக்கொள்வோம். அந்த 49இல் யார் தோற்கடித்திருக்க வேண்டும் என்று ஒரு பெயர் சொல்லுங்கள்.

ரிங்சைடு ரகு:
ஹோசே லூயிஸ் காஸ்டியோ. 2002 ஏப்ரல், லைட்வெயிட் பட்டத்துக்கான சண்டை. இரண்டாம் பாதி முழுக்க காஸ்டியோ உள்ளே புகுந்து உடம்பில் அடித்துக்கொண்டே இருந்தார். மூன்று நீதிபதிகளும் மேவெதருக்குக் கொடுத்தார்கள், இரண்டு பேர் 115-111, ஒருவர் 116-111. ஆனால் நேரலையில் தொலைக்காட்சியின் சொந்த மதிப்பெண்காரரே காஸ்டியோவுக்கு 115-111 கொடுத்திருந்தார். நான் மூன்று முறை மதிப்பெண் போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் காஸ்டியோதான்.

சவுத்பா சேகர்:
அதே டிசம்பரில் மறுபடி மோதி வென்றாரே! ராபின்சன் லமோட்டாவைத் திரும்ப வென்றார் என்று அண்ணா பெருமையாகச் சொல்கிறார். மேவெதர் செய்தால் மட்டும் குறையா? இது நியாயம் இல்லை.

பழைய ரீல்:
இல்லை தம்பி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. மேவெதர் உடனே மறு சண்டை கொடுத்தார், அதற்கு முழு மரியாதை உண்டு. என் குறை பாக்கியாவ் விஷயத்தில். அந்தச் சண்டைக்கான பேச்சு 2009இல் தொடங்கி, ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனைத் தகராறில் நின்று, கடைசியில் 2015 மே மாதம் நடந்தது. மேவெதருக்கு 38, பாக்கியாவுக்கு 36. இடையில் 2012 டிசம்பரில் பாக்கியாவ் மார்க்கெஸிடம் ஒரே குத்தில் முகம் குப்புற விழுந்திருந்தார். 2010இல் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், மேவெதர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்போது தோற்கும் அபாயம் இருந்தது, 2015இல் அது குறைந்துவிட்டது. கனெலோவுக்கும் அதே கதைதான். 23 வயதுப் பையனை 154 பவுண்டுப் பட்டத்துக்கு 152க்கு இறங்கி வரச் சொன்னார்கள்.

ராபின்சன் எடையை எதிர்த்திசையில் எடுத்துக்கொண்டவர். 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில், தன்னைவிடக் கனமான பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன் ஜோயி மேக்ஸிமோடு மோதினார். இரவு நேரத்திலும் 100 டிகிரியைத் தாண்டிய புழுக்கம். பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு ரெஃப்ரியே தாங்க முடியாமல் வெளியேறி வேறு ஆளைப் போட்டார்கள். மூன்று மதிப்பெண் அட்டையிலும் ராபின்சன்தான் முன்னால். 13 ரவுண்டு தாக்குப்பிடித்து, 14க்கு ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. அது பதிவேட்டில் தோல்வி. அந்த இரவை 19இல் ஒன்று என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை. அந்த வருடக் கடைசியில் விலகினார், அப்போது மொத்தம் மூன்றே தோல்வி. பாட்டு, டான்ஸ் என்று மேடைக்குப் போனார். பணம் கரைந்தது, திரும்பி வந்தார். நிறுத்தத் தெரியவில்லை என்று நீங்கள் சொன்னீர்களே, நிறுத்தினார். வாழ முடியவில்லை.

வடசென்னை வாசி:
நடுவில் நுழைகிறேன். 1980இல் முகமது அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது என் அப்பா கூட்டத்தில் இருந்தார். கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அலி 56-5. எங்கள் வீட்டில் அந்த ஐந்தைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது.

சவுத்பா சேகர்:
அண்ணே, அப்பாவின் நினைவை மதிக்கிறேன். ஆனால் மக்கள் நேசிப்பது வேறு, சாதனைப் பதிவு வேறு. நாம் பேசுவது பதிவைப் பற்றி.

கார்னர் ஸ்டூல்:
பதிவைப் பற்றியே பேசுவோம். மார்சியானோ 1954இல் இரண்டு முறை வென்ற எஸார்ட் சார்ல்ஸுக்கு 25 தோல்விகள். அதே சார்ல்ஸ் ஆர்ச்சி மூரை மூன்று முறையும், ஜோ லூயிஸை ஒரு முறையும் வென்றவர். 25 என்ற எண்ணைப் பார்த்து ஒதுக்கினால் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரை இழந்துவிடுவோம். அன்று எட்டு எடைப்பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சாம்பியன். இன்று 17 பிரிவு, நான்கு அமைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெல்ட். இன்றைக்கு ஒருவரைத் தவிர்த்துவிட்டு இன்னொரு பெல்ட்டைத் தேடிப் போக வழி இருக்கிறது. சேகர், ஐந்து எடைப்பிரிவு என்று சொல்லும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சவுத்பா சேகர்:
பெல்ட் எண்ணிக்கை பெருகிவிட்டது, சரி, அதை ஏற்கிறேன். ஆனால் 154இல் டி லா ஹோயாவிடம் போனது பெரிய ஆளைத் தேடிப் போனதுதானே? மோஸ்லியின் வலது கை இரண்டாவது ரவுண்டில் விழுந்து கால் மடங்கியதே, அப்போது பிடித்துத் தாங்கி, மீதி ரவுண்டு முழுக்க அவரைத் துரத்தினாரே? அபாயமே எடுக்காதவர் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய ரீல்:
அபாயமே எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஒரு சண்டை மட்டும் பாருங்கள், படம் கிடைக்கிறது. 1957 ஜனவரி 2இல் ஜீன் ஃபுல்மர் ராபின்சனை 15 ரவுண்டும் முட்டித் தள்ளிப் பட்டத்தைப் பறித்தார். மே 1, சிகாகோவில் மறு சண்டை. ராபின்சனுக்கு 36 ஆக இரண்டு நாள் பாக்கி. ஃபுல்மரை அதுவரை யாரும் நாக் அவுட் செய்ததில்லை. ஐந்தாவது ரவுண்டில் ஒரே ஒரு இடது ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. ஃபுல்மர் எழப் பார்க்கிறார், கால் கேட்கவில்லை. கையை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன் ராபின்சன் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சவுத்பா சேகர்:
பார்த்தேன். நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். ஃபுல்மர் அந்த அடியைப் பார்க்கவே இல்லை. அந்த வயதில் இவ்வளவு வேகமா என்று உண்மையிலேயே அசந்துபோனேன். இருந்தாலும் எனக்கு மேவெதர்தான் அண்ணா, இந்த ஒரு குத்துக்காக மாற மாட்டேன். ஆனால் 19ஐ வைத்து ஆரம்பித்த வாதத்தை விடுகிறேன். சனிக்கிழமை காஸ்டியோ முதல் சண்டையைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்து, ரவுண்டு ரவுண்டாக மதிப்பெண் போட்டு இங்கேயே போடுகிறேன். ரகு, உங்கள் அட்டையையும் போடுங்கள்.

ரிங்சைடு ரகு:
போடுகிறேன். ஏழாவது ரவுண்டிலிருந்து கவனமாகப் பாருங்கள்.