புறங்கையால் தணல் தேடிய ரேஞ்சர்

பென்டில்ஹில்வாசி:
போன மே மாதம் சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலையில் இருக்கும் பிளாக்ஹீத் பக்கம் நடக்கப் போனோம். இங்கே டிசம்பரில் வரும் கோடைக்கு முன்பே, காட்டுத்தீக்கு இரை குறையட்டும் என்று சருகை எரித்துவிடுவார்களே, அது முடிந்த மறுநாள். பாதை மூடியிருந்தது. தரையெல்லாம் கரி, புகைகூட இல்லை. "அணைந்துவிட்டதே, போகலாமா?" என்று அங்கிருந்த ரேஞ்சரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையுறையைக் கழற்றி, விழுந்து கிடந்த யூக்கலிப்டஸ் கட்டை அருகே புறங்கையை மெல்லக் கொண்டுபோனார். சட்டென்று இழுத்துக்கொண்டார். கூட இருந்த பெண் ரேக்ஹோவால் (ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் மண்வெட்டி) கொத்தினார். உள்ளே செக்கச்செவேலென்று தணல்! தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி புறங்கை. அப்புறம் அடுத்த கட்டை. நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் ஏழு கட்டைகள். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

டூங்காபி அம்மா:
அந்தப் புகையெல்லாம் எங்கே வந்தது தெரியுமா? மேற்கு சிட்னியில் எங்கள் வீட்டுக்கு. என் மகளுக்கு வீசிங். மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை, ஒரு ராத்திரி எமர்ஜென்சிக்கே ஓடினோம். இவ்வளவு எரித்தும் என்ன பயன்? 2019இல் சிட்னிக்கு வடமேற்கே கிளம்பிய கோஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ, முன்பு எரித்த இடங்களையும் தாண்டித்தானே வந்தது? ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் போயிற்று.

மலைப்பாதை:
அக்கா, தாண்டியது உண்மை. கங்கு கிலோமீட்டர் கணக்கில் முன்னால் பறக்கும் நாளில் எந்தத் தடுப்புக் கோடும் தீயை நிறுத்தாது. மற்ற நாட்களில், சருகு குறைந்த இடத்தில் தீ தாழ்ந்து எரியும், ஆட்கள் நெருங்கி நின்று அணைக்கலாம். அதே கோஸ்பர்ஸ் தீயில்தான் வொலமை பைன் என்ற அபூர்வ மரத்தையும் காப்பாற்றினார்கள். காட்டில் வளர்ந்த மரம் நூறுகூடக் கிடையாது. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி நீர்த்தெளிப்பான் வைத்தார்கள்.

நான் பார்த்தது சின்ன விஷயம். இடி மின்னல் ராத்திரிக்கு மறுநாள் கட்டூம்பாவில், பள்ளத்தாக்கின் மேல் ஹெலிகாப்டர் நின்று இரண்டு பேரை இறக்கியது. கீழே நூல் போல ஒரு புகை. சாயங்காலம் அது இல்லை. செய்தியில் ஒரு வரிகூட வரவில்லை.

அக்கா, எரிக்கப்போகும் இடங்களை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், பார்த்து வையுங்கள். அருகில் தீ இருந்தால் எச்சரிக்கும் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலியைப் போனில் போடுங்கள். துணி மாஸ்க் புகைக்கு உதவாது, நுண்துகளை வடிகட்டும் பி2 மாஸ்க் வாங்குங்கள். டாக்டரிடம் ஆஸ்துமா திட்டம் எழுதி வாங்கி, ஒரு பிரதியும் ஒரு இன்ஹேலரும் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். இன்ஹேலர் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.